ஷட்டர் இல்லாத தண்ணி

சுருளியாண்டி: ...நாலாவது கோட்டுல நிக்குது. நாந்தேன் சொன்னேன்ல. இதுக்கு மேல ஏறாது.

சங்கிலியம்மாள்: மூணுல நின்னப்பவும் இதத்தேன் சொன்னீக.

சுருளியாண்டி: அப்பக் காத்து அடிச்சுச்சு. அலையப் பாத்துக் கோட்டப் படிக்கக் கூடாது. அடங்குன பெறகு படிக்கணும். முப்பத்திரெண்டு வருசம் பெரியாத்து வாய்க்கால்ல தண்ணி தொறந்து விடுற லஸ்கரா இருந்தவன்... எனக்கு நீ தண்ணி பாக்கச் சொல்லித் தாறியா?

சங்கிலியம்மாள்: நான் என்னத்தச் சொல்லித் தரப் போறேன். நீங்க பாத்த தண்ணிக்கு ஷட்டர் இருந்துச்சு. சாவி உங்க கையில இருந்துச்சு. இந்தத் தண்ணிக்கு எங்கன இருக்கு?

சுருளியாண்டி: மேல மழ பேஞ்சாத்தேன் கீழ தண்ணி ஏறும். வானத்தப் பாரு. பொட்டு மேகம் இருக்கா?

சங்கிலியம்மாள்: மேலன்னா எங்கன?

சுருளியாண்டி: மேலன்னா... மேலதேன்.

சங்கிலியம்மாள்: சின்னமனூர்ல நின்னுக்கிட்டுக் கேட்டா மேகமலையக் கை காட்டுவீக. இங்கன எதக் காட்டுவீக? சுத்தியும் கடல்தேன் கெடக்கு.

சுருளியாண்டி: செத்த இரு. கோட்டப் பாக்கணும்.

சங்கிலியம்மாள்: பாருங்க. ஒடஞ்ச மூங்கிலு ஒண்ணு கெடச்சிருச்சு உங்களுக்கு. செங்கல்லால பத்துக் கோடு கிழிச்சு மணல்ல நட்டு வச்சிட்டீக. கடலு அதுக்குக் கட்டுப்பட்டு நிக்கும்.

சுருளியாண்டி: கேலி பண்ணாத. நாலரைதேன் இருக்கு.

சங்கிலியம்மாள்: நாலுன்னீக.

சுருளியாண்டி: நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. நீ அந்தச் செவுத்து மேல ஏறிக்க. சேல நனையுது.

சங்கிலியம்மாள்: ஏறாதுன்னா எதுக்கு ஏறச் சொல்றீக?

சுருளியாண்டி: சேல நனையுதுன்னுதேன்...

சங்கிலியம்மாள்: கையப் பிடிங்க. செங்கல்லு ஆடுது.

சுருளியாண்டி: ஆடாது. ரெண்டாயிரம் வருசத்துக் கட்டுமானம். எம்புட்டுக் கப்பலப் பாத்த துறைமுகம்னு அந்தப் போட்டுக்காரத் தம்பி சொன்னான்ல.

சங்கிலியம்மாள்: அந்தத் தம்பி இன்னொண்ணும் சொன்னான். ஐயா, ரெண்டு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போயிருவேன், அதுக்கு மேல இந்த மணல் திட்டு தண்ணிக்கு வெளியில நிக்காதுன்னான். நீங்க என்ன சொன்னீக?

சுருளியாண்டி: அதயே எத்தன தடவ கேப்ப?

சங்கிலியம்மாள்: இன்னொருக்கச் சொல்லுங்க. கேட்டுக்கிறேன்.

சுருளியாண்டி: அஞ்சு மணிக்கு வான்னேன்.

சங்கிலியம்மாள்: அதுக்கு முன்னால ஒண்ணு சொன்னீகளே.

சுருளியாண்டி: ...ஏலே தம்பி, எனக்கா தண்ணியப் பத்திச் சொல்றேன்னேன்.

சங்கிலியம்மாள்: அவனும் பாவம், நம்பிட்டான். யாரோ பெரிய கடல் ஆபீசரு போலன்னு நெனச்சிருப்பான். வாய்க்கா மேட்டுல நின்னு தண்ணி திருடுறவன வெரட்டுற கொரலுல்ல அது.

சுருளியாண்டி: நான் எதுக்கு நேரம் கேட்டேன்? இந்த மடையப் பாக்கத்தேன. இந்தா பாரு, பலகை எறக்குறதுக்குக் கல்லுல காடி வெட்டியிருக்கான். நம்ம ஷட்டர் எறங்குமே, அதே மாதிரி. இத எவனோ ஒருத்தன் தெனமும் தூக்கி எறக்கியிருப்பான்ல... அவனும் லஸ்கருதேன.

சங்கிலியம்மாள்: அவன் எங்க இப்ப?

சுருளியாண்டி: என்ன கேள்வி இது.

சங்கிலியம்மாள்: சும்மாத்தேன் கேட்டேன். லைஃப் ஜாக்கெட்டாவது போட்டுருந்திருக்கலாம். வேர்க்குதுன்னு அவுத்துப் போட்டுலயே போட்டுட்டீக. நீங்க அவுத்ததப் பாத்து நானும் அவுத்தேன்.

சுருளியாண்டி: மருமகன் புக் பண்ணது நல்ல பார்ட்டிதேன். வைகுண்டராஜு வெசாரிக்காமச் செய்ய மாட்டாரு.

சங்கிலியம்மாள்: அவர நான் கொற சொல்லல. அத்த, உங்க ரெண்டு பேருக்குன்னு தனிக் காரு, தனிப் போட்டு, கூட ஒருத்தரும் வர மாட்டாகன்னு சொன்னாக. எனக்கு அம்புட்டுச் சந்தோசம். கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசத்துல நம்ம ரெண்டு பேரு மட்டும் எங்கன போயிருக்கோம்... இப்ப யாராச்சும் கூட வந்திருந்தாத் தேவலன்னு இருக்கு.

சுருளியாண்டி: பயப்படுறியா?

சங்கிலியம்மாள்: ஆமா. பயமாத்தேன் இருக்கு. உங்களுக்கு இல்லையா?

சுருளியாண்டி: எனக்கென்ன பயம். அஞ்சுல நிக்குது.

சங்கிலியம்மாள்: சோத்துப் பை போகுது பாருங்க.

சுருளியாண்டி: போகட்டும். எட்டிப் பிடிக்காத... ஏ சங்கிலி, விடுன்னா விடு.

சங்கிலியம்மாள்: நம்ம பிள்ள ஹேமாவதி காலையில மூணு மணிக்கு எந்திரிச்சுக் கட்டிக் குடுத்த புளிச்சோறு.

சுருளியாண்டி: நீயும் செவுத்துல நல்லா உக்காரு. நானும் ஏறிக்கிறேன்.

சங்கிலியம்மாள்: ஏன்? உங்களுக்கும் சேல நனையுதா?

சுருளியாண்டி: ...தள்ளி உக்காரு.

சங்கிலியம்மாள்: அந்தத் தம்பிட்டப் போன்ல பேசுனீகளே, என்ன சொன்னான்?

சுருளியாண்டி: கெளம்பிட்டான்னான்.

சங்கிலியம்மாள்: எப்ப?

சுருளியாண்டி: அப்பவே.

சங்கிலியம்மாள்: அப்பவே கெளம்புனவன் இன்னுமா வாறான்? நம்மளக் கொண்டாந்து விட இருவது நிமிசந்தேன் ஆச்சு.

சுருளியாண்டி: எதிர்க்காத்து.

சங்கிலியம்மாள்: இன்னொருக்கப் போடுங்க.

சுருளியாண்டி: போனு தண்ணியில விழுந்து எடுத்தேன்ல. உசுரு போயிருச்சு. உன் போனு?

சங்கிலியம்மாள்: சார்ஜ் தீந்து அணைஞ்சு போச்சு. அப்படியே இருந்தாலும் போட்டுக்காரரு நம்பரு எனக்கு எங்கன தெரியும்.

சுருளியாண்டி: சரி, சரி. வந்துருவான்.

சங்கிலியம்மாள்: ஏங்க... அங்கிட்டு மரமெல்லாம் தெரியுதே, கரைதேன அது? நீங்க நீந்திப் போயிர மாட்டீகளா?

சுருளியாண்டி: போயிருவேன்.

சங்கிலியம்மாள்: அப்பப் போங்க. ஆளக் கூட்டியாங்க. நான் செவுத்தப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.

சுருளியாண்டி: போக மாட்டேன்.

சங்கிலியம்மாள்: எதுக்கு?

சுருளியாண்டி: கோட்ட யாரு படிக்கிறது?

சங்கிலியம்மாள்: நல்ல மனுசன்.

சுருளியாண்டி: என்ன சத்தம் அது?

சங்கிலியம்மாள்: செவுத்து மூல ஒடஞ்சு விழுந்துருச்சு. ரெண்டாயிரம் வருசக் கட்டுமானம்.

சுருளியாண்டி: நடுவுக்கு வா. என்னைய ஒட்டி உக்காரு. காலத் தொங்கப் போடாத, இழுக்குது.

சங்கிலியம்மாள்: இருங்க... சேல அவுந்து இழுக்குது. அங்கிட்டுப் போயிச் சொருகிட்டு வந்துர்றேன்.

சுருளியாண்டி: தூரம் போகாத.

சங்கிலியம்மாள்: இதுக்குள்ள எம்புட்டுத் தூரம் போக முடியும். இந்த உசந்த செவுத்துக்கு அங்கிட்டுத்தேன்.

சுருளியாண்டி: பிடிச்சுப் பிடிச்சுப் போ... சங்கிலி.

சங்கிலியம்மாள்: ம்.

சுருளியாண்டி: இருக்கியா?

சங்கிலியம்மாள்: இருக்கேன். சத்தம் போடாதீக.

சுருளியாண்டி: ...சங்கிலி. ஏ சங்கிலி.

சங்கிலியம்மாள்: வந்துட்டேன். கையக் குடுங்க.

சுருளியாண்டி: யாருகிட்டயோ பேசுன மாதிரி இருந்துச்சே.

சங்கிலியம்மாள்: கடலுகிட்டப் பேசுனேன்.

சுருளியாண்டி: என்ன சொல்லுச்சு?

சங்கிலியம்மாள்: லஸ்கரய்யாவுக்கு ஒரு வணக்கம் சொல்லிரச் சொல்லுச்சு.

சுருளியாண்டி: உனக்கு இந்த நெலமையிலயும் கிண்டலு.

சங்கிலியம்மாள்: வேற என்னத்தச் செய்ய? கோடு எத்தனையில இருக்கு?

சுருளியாண்டி: ஆறு.

சங்கிலியம்மாள்: சரி.

சுருளியாண்டி: ஆறுலயே நின்னுருச்சு. ஏத்தம் கொறஞ்சிருச்சு. வாய்க்கால்லயும் இப்படித்தேன், கடைசியில மெதுவாகும்.

சங்கிலியம்மாள்: சரிங்க.

சுருளியாண்டி: உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?

சங்கிலியம்மாள்: ஈரம்.

சுருளியாண்டி: முழங்காலுக்கு வந்துருச்சு... நம்ம உக்காந்திருக்கோம்ல, அதான் அப்படித் தெரியுது.

சங்கிலியம்மாள்: ஆமா. இன்னொருக்கப் படிங்க.

சுருளியாண்டி: ஆறே கால்.

சங்கிலியம்மாள்: சத்தமாப் படிங்க. அல சத்தத்துல காது கேக்கல.

சுருளியாண்டி: ஆறே கால்ல நிக்குது.

சங்கிலியம்மாள்: இன்னொருக்க.

சுருளியாண்டி: ஆறே... ஆறே கால்ல... சங்கிலி, என்னால முடியல.

சங்கிலியம்மாள்: என்னாச்சு? அழுகுறீகளா?

சுருளியாண்டி: அவன் கெளம்பல. போட்டுச் சக்கரத்துல வல சுத்திருச்சாம். மத்த போட்டெல்லாம் கடலுக்குள்ள போயிருச்சு, கடலோரக் காவல்லயும் சொல்லியிருக்கேன், எதையாச்சும் பிடிச்சுக்கிட்டு வாறேன் ஐயா, அதுவரைக்கும் எப்படியாச்சும் இருங்கன்னான். அதுக்குள்ள போனு கை தவறி விழுந்துருச்சு. உங்கிட்டச் சொல்ல எனக்குத் தெம்பில்ல.

சங்கிலியம்மாள்: தெரியும்.

சுருளியாண்டி: என்ன தெரியும்?

சங்கிலியம்மாள்: போனப் பேசிட்டுத் திரும்புனப்பவே உங்க மூஞ்சி செத்துக் கெடந்துச்சு. வாய்க்கா ஒடஞ்ச அன்னிக்கு வீட்டுக்கு வந்தீகளே, அந்த மூஞ்சி.

சுருளியாண்டி: அப்பறம்... அந்தக் கோடும்...

சங்கிலியம்மாள்: மூங்கிலு அஞ்சுலயே சாஞ்சு அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. நானும் பாத்துக்கிட்டுத்தேன இருந்தேன்.

சுருளியாண்டி: தெரிஞ்சுக்கிட்டா படி படின்ன?

சங்கிலியம்மாள்: நீங்க ஆறுன்னு சொல்லும்போது நெஞ்சு படபடப்பு செத்த அடங்குச்சு. அதுக்குத்தேன் கேட்டேன்.

சுருளியாண்டி: என் அகம்பாவத்துல உன்னையும் கொண்டாந்து இங்கன வச்சுட்டேன். வாய்க்காலப் பாத்தவன் கடலையும் பாத்துருவேன்னு நெனச்சேன் புள்ள.

சங்கிலியம்மாள்: இப்ப அதப் பேசாதீக. என்னையப் பிடிச்சுக்கங்க. இறுக்கிப் பிடிங்க.

சுருளியாண்டி: பிடிச்சிருக்கேன்.

சங்கிலியம்மாள்: எனக்குத் தண்ணியில மூச்சு முட்டுறத நெனச்சாத்தேன்... மூக்குல ஏறும்ல...

சுருளியாண்டி: வாய மூடு. அதெல்லாம் பேசாத.

சங்கிலியம்மாள்: விட்றாதீக.

சுருளியாண்டி: விட மாட்டேன்... இரு. செத்த இரு. சத்தம் கேக்குதா?

சங்கிலியம்மாள்: அலதேன்.

சுருளியாண்டி: அல இல்ல. மோட்டார் சத்தம். எனக்குத் தெரியும், டீசல் எஞ்சினு... அங்கன பாரு, வெள்ளையா.

சங்கிலியம்மாள்: சத்தியமாவா? இதுவும் ஆறே காலா?

சுருளியாண்டி: நீயே பாரு. முந்தானையத் தூக்கி வீசு. வீசு சங்கிலி. ஏலே தம்பீ... இங்கன... இங்கன இருக்கோம்லே...

அஜய்குமார்: ஐயா, வேற போட்டப் பிடிச்சு வந்துட்டேன், எறங்கிராதீங்க. அப்படியே செவுத்தப் பிடிச்சுக்கங்க, நான் ஒட்டிக்கிட்டு வர்றேன். அம்மா, கயிற எறிஞ்சிருக்கேன், பிடிங்க.

சுருளியாண்டி: மொத அவள ஏத்துப்பா. அவள ஏத்து.

அஜய்குமார்: வாங்கம்மா, கையக் குடுங்க. அப்படித்தான்... ஐயா, இப்ப நீங்க. காலத் தூக்கி வைங்க. உக்காருங்க, உக்காருங்க. ரெண்டு பேரும் மொத இந்த ஜாக்கெட்டப் போடுங்க.

சுருளியாண்டி: போடுறேன்பா. நீ சொல்றதச் செய்றேன்.

அஜய்குமார்: மன்னிச்சுக்கங்க ஐயா. ரெண்டு மணிக்கே வந்து உங்கள இழுத்துட்டாவது போயிருக்கணும். நீங்க அதட்டுனதும் நான் அசந்துட்டேன்.

சுருளியாண்டி: உன் மேல தப்பில்லப்பா. என்னைய ஒண்ணும் கேக்காத.

சங்கிலியம்மாள்: தம்பி, அந்தச் செவுரு எங்க? இப்பத்தேன அதுல இருந்தோம்.

அஜய்குமார்: முங்கிருச்சும்மா. அங்கிட்டுப் பாக்காதீங்க.

சுருளியாண்டி: உன் செல்லக் கொஞ்சம் குடுப்பா. சங்கிலி, ஹேமாவுக்கு நீயே பேசு. இதெல்லாம் சொல்ல வேணாம், பயந்துரும் பிள்ள. காரு நிக்குது, கெளம்பி வாறோம், ரெண்டு பேருக்கும் சோறு வச்சிருன்னு மட்டும் சொல்லு.

சங்கிலியம்மாள்: அவகிட்ட ஏற்கெனவே பேசிட்டேன்.

சுருளியாண்டி: எப்பப் பேசுன? உன் போனு அணைஞ்சு போச்சுன்னியே.

சங்கிலியம்மாள்: அப்ப அணையல. மூங்கிலு போனதப் பாத்துட்டுத்தேன் செவுத்துக்கு அங்கிட்டுப் போனேன். ஒரு சொட்டு சார்ஜ் இருந்துச்சு, அவகிட்டப் பேசத்தேன் உங்ககிட்ட மறச்சு வச்சேன், அதுல அவளக் கூப்பிட்டேன்.

சுருளியாண்டி: அழுதியா அவகிட்ட?

சங்கிலியம்மாள்: அழுதா அவ அங்கன இருந்து ஓடியா வர முடியும்... சிரிச்சுக்கிட்டேதேன் பேசுனேன். அப்பா கடலப் பாத்து மயங்கிப் போயி உக்காந்திருக்காக, எந்திரிக்கவே மாட்டேங்குறாக, நீ நேரத்துக்குச் சாப்பிட்டுப் படுத்துக்க, எங்களுக்கு இனிமே சோறு வைக்காத ஆத்தான்னு சொல்லிட்டேன்.