குறையில்லாத கேபினெட்

கம்ப்யூட்டருக்குச் சின்ன கேபினெட் வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு சார். கண்ணாடி இருக்கிறதா, லைட் எரிகிறதா என்று பார்ப்பார்கள். காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பெரிய பெட்டி என்றால் எதை எப்படி மாட்டினாலும் ஓடிவிடும். சின்னதில் அது நடக்காது. ஒரு வயர் இடம் மாறிக் கிடந்தால் போதும், கிராபிக்ஸ் கார்டு தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும்.

உங்கள் ஸ்டேஷனில் சாக்கில் கட்டி வைத்திருக்கிறீர்களே, அந்த கேபினெட் அப்படிப்பட்டதல்ல. அதை நான் முழுசாக அலசிப் பார்த்திருக்கிறேன். அதில் குறையே கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் முத்துக்குமரன். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். புது கேபினெட் ஏதாவது வந்தால் வாங்கிப் பிரித்து, மாட்டி, ஓடவிட்டு, நல்லது கெட்டதை யூடியூபில் சொல்வேன். எங்கள் ஊர்க் காற்றில் பஞ்சுத் தூசி அதிகம். கையுறை போடாமல் நான் எந்த மெஷினையும் திறப்பதில்லை. கடைக்கு வருகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, பிரசவம் பாக்கப் போறியளா?" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். அழுக்கு எனக்கு ஆகாது, அவ்வளவுதான். சிலருக்குக் கத்திரிக்காய் ஆகாது, அது மாதிரி.

சோலைராஜ் என் தங்கை யோகேஸ்வரியின் புருஷன். இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கிறான். வீட்டு முன் அறைதான் ஸ்டூடியோ. வேலை தெரிந்தவன். குடிக்க மாட்டான், பெண்டாட்டி மேல் கை நீட்ட மாட்டான். இதையும் சொல்லிவிடுகிறேன், அவனை வேண்டுமென்றே கெட்டவனாகக் காட்டினேன் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. அவனிடம் இருந்த குறை ஒன்றே ஒன்று. அவன் அழுக்கன்.

பால்கோவாவை இலையோடு கீபோர்டு மேலேயே வைத்துத் தின்பான். தின்ற விரலை நக்குவான். நக்கிய விரலால் மவுஸைப் பிடிப்பான். நகத்தைக் கடித்து மானிட்டருக்கு அடியில் துப்புவான். தும்மினால் ஸ்கிரீனில் இருக்கிற மணப்பெண் முகத்தில் தெறிக்கும், சட்டை நுனியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்ப்பான். பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறவன் மனுஷனாக இருந்தால் குமட்டும். எனக்குக் குமட்டியது.

ஒரு நாள் அவனுடைய பழைய மெஷினை சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடியைக் கழற்றினேன். ஃபேன் இறக்கையில் தூசியும் நெய்ப்பிசுக்கும் சேர்ந்து ஈரக் கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. போர்டின் ஓரமெல்லாம் கரப்பான் முட்டை. ஒன்றிரண்டு உடைந்து வெள்ளையாக வழிந்து காய்ந்திருந்தது. பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி செத்து ஒட்டியிருந்தது. எலிப் புழுக்கையும் திரிந்த பாலும் கலந்த ஒரு வாடை வந்தது. நான் கடைக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தால், அவன் அந்தப் பல்லியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான்.

"எம்புட்டு நாளாக் குடியிருந்துச்சோ, பாருங்க மச்சான்," என்றான்.

அதைக் குப்பையில் போட்டுவிட்டு அதே கையால் என் டீ கிளாஸை எடுத்துக் குடித்தான். போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனான். அந்த கிளாஸையும் அந்தச் சட்டையையும் அன்றைக்கே தூர எறிந்தேன். என் தங்கை அந்தக் கையோடுதான் குடும்பம் நடத்துகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு பல நாள் சோறு இறங்கவில்லை.

அவளிடம் நேரடியாகவே கேட்டேன். "ஏட்டி, எப்படித்தான் அவன்கூட ஒரு வீட்ல இருக்க?"

"அவிய சின்னப் பிள்ளை மாதிரிண்ணே. சிந்துனா நான் தொடைச்சுட்டுப் போறேன், அதுல என்ன?" என்று சிரித்தாள். "என்னைய எம்புட்டு நல்லா வச்சிருக்காவ தெரியுமா?"

எங்கள் வீட்டில் அப்படி வளர்ந்தவள் அல்ல. அம்மா போன பிறகு அவளை நான்தான் வளர்த்தேன். காலையில் நகம் பார்ப்பேன், காதுக்குப் பின்னால் பார்ப்பேன், அப்புறம்தான் பள்ளிக்கூடம். அவள் சிரித்துச் சிரித்துப் பேசியதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, கஷ்டத்தை வெளியே காட்டாமல் மறைக்கிறாள் என்று.

பிறகு சோலைராஜ் புது மெஷின் வேண்டும் என்று வந்தான். "மண்டபத்துக்கே தூக்கிட்டுப் போயிரணும் மச்சான். காலைல தாலி கட்டுனத சாயங்காலம் ரிசப்ஷன்ல திரையில போட்டுக் காட்டணும். தோள் பையில அடங்கணும், வேகமும் குறையப்படாது," என்றான். கேட்டது நியாயம்தான். நானும் நியாயமாகவே தேடினேன். அப்படித்தான் அந்த கேபினெட் கைக்கு வந்தது.

ஒரு ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்குள் பெரிய கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்தது. முழு வேகத்தில் ஓடவிட்டேன், மதிய வெயிலில் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடவிட்டேன், சூடு கட்டுக்குள்ளேயே நின்றது. தகட்டின் உள் விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்தேன், எங்கேயும் கீறவில்லை. இந்த மாதிரி பெட்டியில் பவர் சப்ளை முன்பக்கம் இருக்கும். பின்னாலிருந்து கரண்ட் வயர் உள்ளுக்குள்ளேயே நீண்டு வர வேண்டும். அது தகட்டில் உரசிவிடக் கூடாதே என்று ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். பணத்தை மிச்சம் பிடிக்கிறவன் அதைப் போட மாட்டான். குறை சொல்ல ஒன்றுமில்லை என்று வீடியோவில் சொன்னேன். மனசாரச் சொன்னேன்.

மாட்டி முடித்ததும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தனை சுத்தமாக இருந்தது. தீபாவளிக்குள் இதன் மேல் நெய்க் கை படும், அடுத்த சித்திரைக்குள் உள்ளே கரப்பான் முட்டை வைக்கும் என்று நினைத்ததும் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தேன். வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். கேபினெட் தப்பித்திருக்கும், என் தங்கை அங்கேயேதான் இருந்திருப்பாள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை சார். பிசுக்கைப் பார்த்தால் துடைக்க வேண்டும் என்று தோன்றுமே, அந்த மாதிரிதான் தோன்றியது.

எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. மெஷினைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சோலைராஜ் வீட்டில் மூன்று முள் பிளக் உண்டு, சுவருக்குப் பின்னால் எர்த் வயரே கிடையாது. சரி பண்ணு என்று நானே முன்பு சொல்லியிருக்கிறேன். "சுர்ருன்னு இழுத்தாத்தான மச்சான் மெஷினுக்கு உசுரு இருக்குன்னு அர்த்தம்," என்று சிரித்தான். அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருப்பார்கள். உங்கள் ஆட்களும் வந்து பார்த்ததும் எர்த் இல்லை, மின்கசிவு என்றுதானே எழுதினார்கள்?

அவனுக்கு இன்னொரு பழக்கம். ஆயுத பூஜைக்கு மெஷினை அணைத்து வைத்துக் கும்பிட மாட்டான். கம்ப்யூட்டர் ஓட வேண்டும், லைட்டெல்லாம் எரிய வேண்டும், அப்படியே சந்தனம் தொட்டுப் பொட்டு வைக்க வேண்டும். அவன் தொழில், அவன் மெஷின், பொட்டு அவன் கையால்தான். வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். கழுவிவிட்ட தரை, வெறுங்கால், ஈரக் கை.

அதனால் பூஜை அன்றைக்குத்தான் மெஷினைக் கொண்டுபோவதாகச் சொன்னேன். நல்ல நாளும் அதுவுமாக வரட்டும் என்று அவனுக்கும் சந்தோஷம். முந்தின நாள் கடையில் அந்த ரப்பர் வளையத்தை எடுத்தேன், வயரில் செய்ய வேண்டியதைச் செய்தேன். மூடி போட்டு, மேலெல்லாம் மெல்லிய துணியால் துடைத்தேன். ரேகையை மறைப்பதற்காக அல்ல. என் கடை மெஷினில் என் ரேகை இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? விரல் தடம் பதிந்திருந்தால் பார்க்க நன்றாக இருக்காது.

பூஜை அன்று மேஜை மேல் நானே வைத்து, நானே வயரை மாட்டி, சுவர் சுவிட்சைப் போட்டேன். பவர் பட்டன் பிளாஸ்டிக், அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. லைட் எரிந்ததும் சோலைராஜ் கைதட்டினான். யோகேஸ்வரி தலைக்குக் குளித்து ஈர முடியோடு வந்து நின்றாள். சந்தனக் கிண்ணத்தை எடுக்க அவன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையில் ஒரு அடி போட்டாள்.

"வாயில என்ன? சாமிக்குப் படைக்கும் முன்னாடியே சுண்டலத் தின்னாச்சா?" என்றாள். அவன் உதட்டில் கொண்டைக்கடலைத் தோல் ஒட்டியிருந்தது. "எச்சிக் கையோட பொட்டு வைக்காதிய. தள்ளுங்க, நான் வைக்கேன்."

"வையி தாயி, உன் கைராசிக்கு இந்த வருசம் ஒரு முகூர்த்தமும் தப்பாது," என்று அவன் ஒதுங்கிக்கொண்டான். விரல் இடுக்கில் இருந்த மிச்சத்தை அப்போதும் நக்கிக்கொண்டுதான் இருந்தான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் பேப்பரில் இருக்கிறது. அவன் அவளைப் பிடித்து இழுத்தான், அவனையும் கரண்ட் தூக்கிச் சுவரில் அடித்தது. சுவிட்சை அணைத்தது நான். உடனே அணைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே என்று சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி வாசலில் சோலைராஜ் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். மூக்குச்சளியும் எச்சிலும் என் தோளில் ஒழுகியது. "என் எச்சிக் கைதான் மச்சான் அவளக் கொன்னுருச்சு. சுண்டலத் திங்காம இருந்திருந்தா நான் போயிருப்பேன், அவ இருந்திருப்பா," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பும் இல்லை. அவனை விலக்கிவிட்டுக் குழாயடிக்குப் போய்ச் சட்டையைக் கழுவினேன். பிழியப் பிழிய அந்தப் பிசுபிசுப்பு போகவில்லை.

இத்தனை நாள் கழித்து நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். என் வீடியோவுக்குக் கீழே போய்ப் பாருங்கள். எமன் பெட்டி என்று எழுதுகிறார்கள். உரசாமல் இருக்க வளையம்கூடப் போடத் தெரியாத கம்பெனி என்று ஒருத்தன் எழுதுகிறான். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கிறார்கள், இறக்குமதி செய்கிற மதுரைக்காரரை நீங்களும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். செய்யாத தப்புக்கு அந்த கேபினெட் ஏன் கெட்ட பெயர் வாங்க வேண்டும்? வளையம் என் கடை டிராயரில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள் என்று தெரியும்.

அவளை ஏன் தடுக்கவில்லை என்கிறீர்கள். எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது, வாயைத் திறக்கவே நேரமில்லை என்று அன்றைக்குச் சொன்னேன். அது பொய். நேரம் இருந்தது. அவள் விரலில் சந்தனத்தை வழித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எந்த எடத்துலண்ணே வைக்க?" என்று என்னிடம்தான் கேட்டாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சோலைராஜ் ஏன் என்று கேட்பான். மூடியைத் திறந்து பார்ப்பார்கள். நான் உள்ளே போவேன், அவன் உயிரோடு இருப்பான், அவள் காலம் முழுக்க அந்தக் கைக்குள்ளேயே கிடப்பாள். அதற்கு இது எவ்வளவோ தேவலை என்று எனக்குத் தோன்றியது. அவள் நல்லதைத் தவிர நான் வேறு எதையும் நினைத்தவன் அல்ல. அவள் விரலைப் பார்த்தேன். சந்தனம் தண்ணியாக இருந்தது.

"மேல வேண்டாம், ஓட்டைக்குள்ள வழிஞ்சுரும். பக்கவாட்டுல வையி," என்றேன். "ஆடாம இருக்கணும், எடது கையால நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கோ."

சின்ன வயசிலிருந்தே என் பேச்சைத் தட்டாத பிள்ளை சார் அவள். நான் சொன்னபடியே பிடித்துக்கொண்டாள்.