போர்ட் டிக்சன் தண்ணீர்

கடல் மீன் வளர்ப்பதில் பெரிய வேலை தண்ணீர்தான், இன்ஸ்பெக்டர். தீனி யாரும் போடலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் என் தங்கை குணபூசணியும் என் பழைய டாட்சன் காரில் போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் போவோம். கூட்டம் இல்லாத பக்கமாக இறங்கி, பிளாஸ்டிக் கேன்களில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புவோம். வழியில் சிரம்பானில் சாப்பாடு. அவள் முன் சீட்டில் உட்கார்ந்து ரம்புத்தான் உரித்து என் கையில் கொடுத்துக்கொண்டே வருவாள். கடையில் உப்புப் பொடி விற்கிறார்கள், குழாய்த் தண்ணீரில் கரைத்தால் போதும் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை.

எங்கள் வீட்டு மீன் தொட்டியில் கை வைத்து, கரண்ட் அடித்து கார்த்திகேசு இறந்த விஷயமாக, எலெக்ட்ரிக் கடை நஜ்முதீனை நீங்கள் திரும்பத் திரும்ப ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன். அவர்மேல் தப்பில்லை. அவர் ரிப்பேர் செய்து கொடுத்த பம்ப் என்று உங்களிடம் சொன்னது நான்தான். அப்படிச் சொன்னது சரியில்லை. யாரையும் அநியாயமாக மாட்டிவிடுவது என் வழக்கம் அல்ல. அதனால்தான் வந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அந்த வீடு எங்கள் அப்பாவுடையது. ரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். நானும் ரயில்வேயிலேயே கணக்குப் பிரிவில் இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். அம்மாவும் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குணபூசணி அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு நான் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். சாப்பிட்டபின் ஹால் விளக்கை அணைத்துவிட்டு, தொட்டி வெளிச்சத்தில் இருவரும் உட்கார்ந்திருப்போம். பேச்சு அதிகம் இருக்காது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒன்று கண்ணாடி ஓரமாக அவளிடம் வரும். அவள் விரலால் கண்ணாடியைத் தொடுவாள். எனக்கு வேறு நண்பர்கள் கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை.

நான் கல்யாணம் செய்துகொள்ளாதது அவளுக்காகத்தான் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. அவளுக்கும் வரன்கள் வந்தன. வந்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு என்று சொல்லிவிடுவேன். அவளுக்கு வலிப்பு இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழி. ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. அப்படிப்பட்டவர்களிடம் அவளை எப்படி ஒப்படைப்பது?

கார்த்திகேசு என் மூலமாக வரவில்லை. கந்தசுவாமி கோயிலில் அவளைப் பார்த்து, அவளிடமே பேசியிருக்கிறார். கிள்ளான் துறைமுகத்தில் வேலை, மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, வயதான அம்மா மட்டும். குணபூசணிக்கு நாற்பத்து மூன்று. அந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று அவளே சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. புதிதாக இரண்டு புடவை வாங்கினாள்.

அவரையும் தனியாக அழைத்து வலிப்பைப் பற்றிச் சொன்னேன்.

"என் வைஃப் கான்சர்ல படுத்திருந்தப்ப நான்தான் எல்லாம் செஞ்சேன் அண்ணே. எனக்குப் பழக்கம்தான். குணபூசணியைப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

நல்ல மனிதர். அதை நான் எப்போதும் மறுக்கமாட்டேன்.

அடுத்த முறை போர்ட் டிக்சனுக்கு அவரும் வந்தார். கேன்களை எல்லாம் அவரே தூக்கினார். விருந்தாளி என்று முன் சீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு குணபூசணி பின்னால் உட்கார்ந்தாள். வழக்கம்போல ரம்புத்தான் உரித்தாள். முதல் பழம் அவருக்குப் போனது. எனக்கும் கொடுத்தாள், இல்லை என்று சொல்லமாட்டேன்.

வலிப்பு விஷயத்தை அவர் அவளிடம் கேட்டிருக்கிறார், மருந்து என்ன சாப்பிடுகிறாள் என்று. அன்று அவள் வேலைவிட்டு வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் என் முன்னால் நின்றாள்.

"அண்ணா, முன்னாடி வந்தவங்ககிட்டயும் இதைத்தான் சொன்னீங்களா?"

அவள் நன்மைக்காகத்தான் என்றேன். அவள் சமையலறைக்குப் போய் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். ஆனால் அதற்குப்பிறகு ஹாலில் வந்து உட்காரவில்லை. ஆவணியில் கல்யாணம் என்று அவளும் கார்த்திகேசும் முடிவு செய்துகொண்டார்கள். என்னிடம் தெரிவித்தார்கள்.

இனி பம்ப். தொட்டிக்குள் மூழ்கி ஓடும் சின்ன பம்ப் அது. உப்புத் தண்ணீர் எந்தச் சாமானையும் விட்டுவைக்காது. இந்த வருஷ ஆரம்பத்தில் தொட்டியைக் கழுவும்போது கையில் சுருக்கென்றது. பம்பைக் கழற்றி நஜ்முதீனிடம் கொண்டுபோனேன். சீல் போய் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது, வயரும் வெடித்திருக்கிறது, ரிப்பேர் செய்யவே கூடாது, தூக்கிப் போடுங்கள் அங்கிள் என்றார். புதியது ஒன்று வாங்கினேன். பழையதைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். சாமான்களைச் சட்டென்று தூக்கிப்போட எனக்கு மனம் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கார்த்திகேசு வருவதாக இருந்தது. குணபூசணி காலையிலேயே சமைக்கத் தொடங்கிவிட்டாள். நான் புதிய பம்பை எடுத்துவிட்டுப் பழையதைத் தொட்டியில் போட்டு சுவிட்சைத் தட்டினேன். அது ஓடவில்லை, ஆனால் தண்ணீருக்குள் கரண்ட் வந்துகொண்டிருந்தது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்கம்போல நீந்தின. பார்க்க ஆச்சரியமாக இருந்தது. நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. அவர் தொட்டிப் பக்கமே வராமலும் போகலாம் இல்லையா? பிறகு தொட்டியைச் சுற்றி மோப் போட்டேன். விருந்தாளி வந்தால் தரை துடைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். குணபூசணிக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தார். தொட்டிக்குள் ஒரு கல் சரிந்து மீன் பின்னால் மாட்டிக்கொண்டது, எனக்கு இப்போதெல்லாம் கை நடுங்குகிறது, நிமிர்த்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். தொட்டி விளக்கை முன்பே அணைத்திருந்தேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ஒரு கையால் தொட்டி ஸ்டாண்டின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சுவிட்செல்லாம் ஆஃப் பண்ணியாச்சா அண்ணே?"

"ஆச்சு" என்றேன்.

அதிகச் சத்தம் இல்லை. அவர் கத்தவும் இல்லை. பேச வாயெடுத்தவர்போல இருந்தார். குணபூசணி கரண்டியோடு ஓடி வந்து அவரைப் பிடிக்கப் போனாள். நான் அவளை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். தொட்டிருந்தால் அவளும் போயிருப்பாள். அவள் உயிரைக் காப்பாற்றியது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளைப் பிடித்திருந்ததால் சுவிட்சை அணைக்கத் தாமதமாகிவிட்டது. அவள் திமிறினாள். அத்தனை வருஷத்தில் நான் அவளை அப்படி அணைத்துப் பிடித்ததே இல்லை. அவள் தலையில் தேங்காய் எண்ணெய் வாசம் இருந்தது.

ஆம்புலன்ஸ் போனபிறகு அவள் சுவரோரமாக உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரப்பர் சிலிப்பர் போட்டிருந்தேன்.

"வீட்டுக்குள்ள நீங்க செருப்பே போடமாட்டீங்களே அண்ணா" என்றாள்.

தரை ஈரம் என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. உங்களிடமும் அவள் அதைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். என்னைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு மனம் வந்திருக்காது.

சடங்கெல்லாம் முடிந்ததும் அவள் என்னோடுதான் இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். வேறு எங்கே போவாள்? ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டாள். கார்த்திகேசுவின் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். இருவரும் அந்த வீட்டில் இருக்கிறார்கள். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். தனியாகக் கார் ஓட்ட மனமில்லாமல் பஸ் பிடித்துப் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தாள், கதவைத் திறக்கவில்லை. மழையில் ரொம்ப நேரம் நின்றேன். உள்ளே அவள் அந்தக் கிழவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

தனியாகப் போர்ட் டிக்சன் போக என்னால் முடியவில்லை. தண்ணீர் மாற்றாததால் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. இப்போது தொட்டி காலி. சாயங்காலம் கேட்டைத் திறந்து வைக்கிறேன். பிறகு நானே போய்ச் சாத்திவிட்டு வருகிறேன்.

நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். வக்கீல் வேண்டாம். குற்றத்தை ஒத்துக்கொண்டால் வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும் என்று வெளியே கான்ஸ்டபிள் சொன்னார். அப்படியானால் கோர்ட்டில் ஒத்துக்கொள்ளமாட்டேன், இன்ஸ்பெக்டர். வழக்கு நடக்கட்டும். சாட்சி என்று குணபூசணிக்கு சம்மன் அனுப்புவீர்கள்தானே? சம்மன் வந்தால் அவள் வந்துதான் ஆகவேண்டும். என் எதிரில் நின்று பேசத்தான் வேண்டும். அவளை ஒரே நாளில் விசாரித்து அனுப்பிவிடாமல், கொஞ்சம் நிதானமாகக் கேட்கச் சொல்லுங்கள்.