வால்காரர் கிளிஃபர்டின் குவளை

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டோரத்தி ஓல்ட்ராய்ட் அம்மையார் அவர்களே, எதிரே இருக்கும் ‘கலப்பை’ மதுவிடுதியின் உரிமையாளர் மோரீன் அவர்களே, கால்டர்ஷா உலாக் குழுத் தலைவர் பேரி அவர்களே, கறுப்புப் பட்டை அணிந்து வந்திருக்கும் ஊரார் அனைவருக்கும் என் வணக்கம்.

மதுவைத் தொடாதவன் நான். இச்சபையின் மூப்பன். உங்கள் மதுவிடுதி உலாவை இதே மேடையில் ஆண்டுக்கணக்கில் கண்டித்தவன். அந்த உலாவின் ‘வால்காரர்’ என்ற பெயரோடு கடைசி ஆளாக நாற்பத்தோர் ஆண்டுகள் நடந்த பேருந்து நடத்துநர் கிளிஃபர்ட் ஓல்ட்ராய்டுக்கு அஞ்சலி செலுத்த என்னை ஏன் அழைத்தீர்கள்? அழகாகப் பேசுவேன் என்றா? இன்று அழகாகப் பேசும் தகுதி எனக்கில்லை.

உலா நேற்று முளைத்ததன்று. புண்ணியத் தலம் தேடி நடந்தவர்கள் விடுதிக்கு விடுதி இளைப்பாறியே சென்றார்கள். இந்த யார்க்ஷயர் மலைகளில் மந்தை ஓட்டியவர்களும் அவ்வாறே. நம் ஊரிலோ நெய்பவருக்கு ஒரு விடுதி, சாயமிடுபவருக்கு ஒரு விடுதி, படகோட்டிக்கு ஒரு விடுதி. ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை. மே மாத முதல் சனிக்கிழமை மட்டும் பதினொரு வாசல்களையும் எல்லாரும் சேர்ந்து மிதித்தார்கள். ஆலைகள் மூடின, உலா நிற்கவில்லை. ஏன் என்று கிளிஃபர்டிடமே ஒருமுறை கேட்டேன்.

“எல்லா எடத்துலயும் அதே பீர்தானே? ஒரே எடத்துல உக்காந்து குடிச்சுத் தொலைய வேண்டியதுதானே?”

“உக்காந்தா எதிர்ல இருக்கிறவன் மூஞ்சி மட்டுந்தான் தெரியும், பிரசங்கியாரே. நடந்தாத்தான் எவன் தள்ளாடுறான், எவன் அழுவுறான்னு தெரியும். நீங்க என்னிக்காவது எங்க முதுகைப் பாத்திருக்கீங்களா?”



அவர் வகுத்த சட்டம் ஒன்றே. ஒவ்வொரு விடுதியிலும் தலைக்கு ஓர் அரைக்குவளை. பின்தங்கியவனின் குவளையை எவரும் தொடலாகாது. மற்றவர் குடித்து முடித்த பின்னும் ஒரு குவளை நிரம்பி நின்றால், ஒருவர் வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். தலைகளை எண்ணிப் பார்த்துத் திரும்பி நடந்தவர் எப்போதும் அவரே. என் தம்பி ஹாரல்டின் குவளை ஒருமுறை அப்படி நின்றது. கால்வாய் நீரில் கிடந்தவனைத் தோளில் சுமந்து வந்து என் வாசலில் இறக்கினார் கிளிஃபர்ட். “சீட்டு வாங்காம எறங்கப் பாத்தான். விடுவேனா?” என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆண்டிலிருந்து எலுமிச்சைச் சாற்றோடு நானும் உலாவில் நடந்தேன்.

இந்த மே மாதம் நாம் என்ன செய்தோம்? பதினொன்று போதாதென்று பதினான்கு விடுதிகளாக்கினோம். நேரப் பட்டியல் அச்சிட்டோம். எழுபத்தெட்டு வயதுக்காரரை வாலில் விட்டுவிட்டு ஓடினோம். பிற்பகல் மூன்று மணிக்குக் ‘கலப்பை’யில் எல்லாரும் குடித்து முடித்தோம். ஒரு குவளை நின்றது.

“இது யாரோடது?” என்று கேட்டார் மோரீன்.

“நம்ம கிளிஃபர்டோடது. வாலு பின்னாடிதானே வரும், மூக்குக்கு முன்னாடியா வரும்?” என்றார் பேரி.

“பெருசு எவனையாவது புடிச்சுவச்சு பழைய பஸ் கதை அளந்துக்கிட்டிருக்கும்” என்றார் ஒருவர்.

“நுரை அடங்குதுப்பா. தூக்கு.”

சிரித்தோம். குவளை கைமாறிக் காலியானது.

பேரி அவர்களே, நீங்கள் தலைகுனிய வேண்டாம். அந்த அறையில் சட்டமும் தெரிந்து, தெளிவோடும் இருந்தவன் ஒருவன்தான். அவன் ஏன் வாய் திறக்கவில்லை? அவனுக்குக் கால் வலித்தது. அடுத்த விடுதியில் நாற்காலி கிடைக்காதோ என்று அவன் அஞ்சினான். அவனே இப்போது உங்கள் முன் நிற்கிறான்.

முந்நூறு கெஜம் பின்னால், கால்வாய்க் கரை இருக்கையில், மார்பைப் பிடித்தபடி கிளிஃபர்ட் அமர்ந்திருந்தார். நாயோடு நடந்துவந்த ஒரு பெண் அவரைக் கண்டபோது மணி நான்கு. “அரைமணி முன்னாடி வந்திருந்தா...” என்றார் மருத்துவர். வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. எல்லாரையும் எண்ணியவரை எண்ணுவதற்கு ஊரில் ஒருவர் இல்லை.

நூறு ஆடுகளில் வழிதவறிய ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றி இங்கே எத்தனை முறை முழங்கியிருப்பேன்? மேய்ப்பனே காணாமற்போனால் ஆடுகள் என்ன செய்யும் என்று ஒருமுறையேனும் எண்ணினேனா? இப்போது அறிந்துகொண்டேன். அவன் பங்கையும் சேர்த்து மேய்ந்துவிட்டு, அவை அடுத்த புல்வெளிக்கு நகரும்.

மலர்வளையத்தில் ‘எங்கள் காவலர்’ என்று பொறித்திருக்கிறீர்கள். பொறித்தது பொய்யன்று, பிந்தியது. அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறுவது இத்தகைய கூட்டங்களின் மரபு. என் உறுதி இது: அடுத்த மே மாதம் விடுதிகள் பதினொன்றே. வாலில் நான் நடப்பேன். எனக்கு வயது எண்பத்திரண்டு. என் குவளையின் மீதும் யாரேனும் ஒரு கண் வையுங்கள்.

மோரீன் அம்மையார் கிளிஃபர்டின் படத்துக்கு முன்னே ஓர் அரைக்குவளை நிரப்பி வைத்திருக்கிறார். நீங்கள் தேநீர் அருந்தி முடித்த பின்னும் அது நிரம்பியே நிற்கும். சட்டம் உங்களுக்குத் தெரியும். நான் அந்த இருக்கை வரை திரும்பி நடக்கிறேன். டோரத்தி அம்மையாரே, தாங்களும் வரலாம். இங்கிருந்து முந்நூறு கெஜம்தான். வலிக்கும் என் காலோடு நடந்தால்கூட ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.