படகில் இரண்டாவது ஆள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே கண்மாய் உடைந்த அன்று ஆள் காணாமல் போனது குறித்து, 1992ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் காவல் ஆய்வாளர் முன்னிலையில் சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் செல்லத்தாய். வயது 46. கணவர் பெயர் சுயம்புலிங்கம், வயது 52. இராஜபாளையத்தில் சங்கரன்கோவில் சாலையை ஒட்டிய தெருவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். என் கணவர் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு மில்லில் ஃபிட்டராக வேலை பார்த்து வந்தார். நான் வீட்டிலேயே, காயத்துக்கு வைத்துக் கட்டும் காஸ் துணியை மடித்துக் கட்டும் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரே மகன், பெயர் கண்ணுச்சாமி. வெள்ளத்தன்று என் கணவரோடு படகில் இருந்த இன்னொருவர் யார் என்று கேட்டு என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

1985ஆம் ஆண்டு கோடையில், மில்லில் வேலை பார்க்கும் சில குடும்பங்களோடு சேர்ந்து வேன் பிடித்து, தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊருக்குப் போனோம். கண்ணுச்சாமி அப்போதுதான் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தான். அவனுக்குக் கண்மாயிலும் கிணற்றிலும் நீந்தத் தெரியும். கடல் தெரியாது. சாப்பாட்டுக்கு முன்னால் குளிக்க இறங்கியவனை அலை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் தலையும் ஒரு கையும் எங்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தன. மீன்பிடிக்கிறவர்களின் படகுகள் எல்லாம் கடலுக்குப் போயிருந்தன. கரையில் தனியார் ஒருவருக்குச் சொந்தமான ஃபைபர் படகு ஒன்று மட்டும் இரண்டு சக்கர டிரெய்லர் மீது நின்றிருந்தது. என் கணவரும் உடன் வந்தவர்களும் ஓடிப்போய் அதைத் தண்ணீரை நோக்கித் தள்ளினார்கள். சக்கரம் உருளவில்லை. அந்த டிரெய்லரைக் கடலுக்குள் இறக்கி ஏற்றிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமலே போட்டு வைத்திருந்ததால், பேரிங்குக்குள் உப்பு இறங்கித் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மணலில் இரண்டு கோடு விழுந்ததே தவிர சக்கரம் சுற்றவில்லை. படகைப் பிடித்திருந்த போல்டுகளும் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்ததால் படகைத் தனியாகக் கழற்றவும் முடியவில்லை. என் கணவர் தோளைக் கொடுத்துத் தள்ளியதில் சட்டை கிழிந்து தோல் உரிந்தது. அவர் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு கை தெரியவில்லை. திரும்பி வந்த மீனவர்கள் தேடினார்கள், மறுநாளும் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் இராஜபாளையம் வந்து, உடல் இல்லாமலே செய்ய வேண்டியதைச் செய்தோம். சில மாதம் கழித்து என் கணவர் என்னிடம் சொல்லாமல் அந்தக் கடற்கரைக்குப் போய், அந்தப் படகையும் டிரெய்லரையும் பழைய இரும்பாகப் பேசி வாங்கி, லாரியில் ஏற்றி வந்து வீட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் இறக்கினார். தெருவே கூடி நின்று பார்த்தது. கடலை எதற்கு வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள் என்று நான் அழுதேன். அவர் சத்தம் போடவில்லை. "இது உருண்டிருந்தா அவன் வந்திருப்பாம்ட்டி" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து ஏழு வருடம், மில் வேலை போக மற்ற நேரமெல்லாம் அவர் அந்த டிரெய்லரோடுதான் இருந்தார். முதலில் சக்கரங்களைப் பிரித்து, சக்கரத்தின் நடுவில் இறுகிப்போன ஹப்பை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழற்றினார். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவைச் சுரண்டினார். சட்டமாக வைத்திருந்த சதுரக் குழாய்களைத் தட்டினால் உள்ளே துருச் செதில்கள் கொட்டுகிற சத்தம் கேட்கும். குழாய்களின் அடியில் துளை போட்டு, மேலிருந்து தண்ணீர் ஊற்றி, செதில் வருவது நிற்கும் வரை கழுவினார். நன்றாகக் காய்ந்த பிறகு குழாய்க்குள் எண்ணெய் விட்டார். வெளியே ரெட் ஆக்சைடு அடித்து, அதற்கு மேல் பெயிண்ட் அடித்தார். பழைய போல்டுகளை எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத ஜி.ஐ. போல்ட் போட்டார். பேரிங்கில் கிரீஸ் அடைத்தார். ஸ்பிரிங் பட்டைகளுக்கு, மில்லில் கழிவாகப் போகும் காஸ் துணியை வாங்கி வந்து கிரீஸில் தோய்த்து, அடிபட்ட ஆளுக்குக் கட்டுவது மாதிரி சுற்றிச் சுற்றிக் கட்டினார். டயர் தரையில் பட்டு அமுங்கிவிடாமல் செங்கல் அடுக்கி டிரெய்லரைத் தூக்கி வைத்து, தினமும் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு மில்லுக்குப் போவார்.

ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தச் சட்டத்தில் வெல்டிங் ஒட்டுகளின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். எங்கள் ஊரிலிருந்து கடல் எவ்வளவோ தூரம். அப்படியும் பூக்கும். என் கணவர் அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கரிக்கி" என்று சொல்லித் திரும்ப முதலிலிருந்து கழுவ ஆரம்பிப்பார். அந்த வெள்ளை பூத்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வேலையைச் செய்யும்போது அவர் பேசிக்கொண்டிருப்பார். தனக்குத்தானே முணுமுணுக்கிற பேச்சு இல்லை அது. கேட்பார், நிறுத்துவார், பிறகு அதற்குப் பதில் சொல்வது போலச் சொல்வார். எனக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்கும். ஒரு நாள் காலையில் நான் கொடியில் துணி காயப்போடும்போது, அவர் சட்டத்துக்கு அடியில் படுத்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் எனக்குத் தெரிந்தன. "அந்தப் பக்கம் சுத்துப்பா" என்றார். அந்தப் பக்கத்துச் சக்கரம் சுற்றியது. அன்று கொடியில் போட்ட துணி அசையவில்லை. நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் கேட்கவில்லை.

இந்த வருடம் ஐப்பசியில் முதல் மழை பெய்த பிறகு அவர் ஒவ்வொரு ஒட்டாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, உப்பு நின்றுவிட்டது என்று என்னிடம் சொன்னார். அன்று ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

அதன் பிறகு கார்த்திகையில் அடைமழை பிடித்தது. ஒரு நாள் காலையில், எங்கள் தெருவில் டிராக்டர் வைத்திருக்கும் ராக்கப்பன் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே கண்மாய் உடைந்து கரையடிக் குடியிருப்பில் ஜனங்கள் கூரைமேல் நிற்கிறார்கள், ரோடு பல இடத்தில் அறுந்துபோனதால் வெளியூரிலிருந்து படகு வந்து சேர நேரமாகும் என்று சொல்கிறார்கள் என்றார். என் கணவர் பின்பக்கம் போய்ச் செங்கல்களை உருவினார். ராக்கப்பன் டிராக்டரில் டிரெய்லரை மாட்டினார். நான் தடுக்கவில்லை. தடுத்தாலும் அவர் நிற்க மாட்டார் என்று தெரிந்ததால் நானும் டிராக்டரில் ஏறிக்கொண்டேன். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில், தண்ணீர் குறுக்கே ஓடிய இடங்களிலும் அந்தச் சக்கரம் ஒரு இடத்தில்கூட மக்கர் பண்ணவில்லை. என் கணவர் வழியெல்லாம் பின்னால் திரும்பிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அங்கே போய், படகைப் பிடித்திருந்த போல்டுகளைக் கழற்றிவிட்டு டிரெய்லரைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்கியதும் படகு வழுக்கிக்கொண்டு மிதந்தது. ராக்கப்பன் தானும் கூட வருவதாகச் சொன்னார். என் கணவர், "வேண்டாம்யா, ஆள் இருக்கு" என்றார். குடியிருப்பில் யாரையோ சொல்கிறார் என்று ராக்கப்பன் நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். என் கணவர் பின்பக்கம் நின்று மூங்கில் கம்பால் ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார். படகில் அவர் ஒருவரைத்தான் நான் பார்த்தேன். இதை உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் படகின் பின்பக்கம் ஒருவர் மட்டும் நின்றால் முன்பக்கம் மேலே தூக்கும். அன்று முன்பக்கம் தூக்கவில்லை. படகு சமமாகப் போனது.

மதியம் வரை போவதும் வருவதுமாக இருந்தார். கூரைமேலும் புளியமரத்திலும் இருந்தவர்களை, குழந்தைகளையும் முடியாதவர்களையும் முதலில் என்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து இறக்கினார். கடைசியாகப் பெத்தம்மாள் என்ற அம்மாவும் அவர் ஆடும் வந்தார்கள். கரையேறியவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து, குடியிருப்பில் இனி யாரும் இல்லை என்றார்கள். என் கணவர் கரையேறவில்லை. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்ப் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் வந்தாச்சு, ஏறி வாங்க என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் படகின் முன்பக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் கண்ணுச்சாமி பிறந்த அன்று இருந்தது போல இருந்தது. பிறகு சொன்னார்:

"இவனக் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்."

யாரை என்று கேட்டேன். அவர் கம்பை ஊன்றினார். ஈரக் கயிறு என் கையை உரசிக்கொண்டு போனது. படகு குடியிருப்பு இருந்த பக்கம் போகவில்லை. அதைத் தாண்டி, கண்மாய்க்குள், தண்ணீர் அகலமாகத் தெரிந்த பக்கம் போனது. அதற்குள் மழை கனத்துப் படகை மறைத்துவிட்டது. ராக்கப்பனும் மற்றவர்களும் கரை வழியாகக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்கள். பொழுது சாயும் வரை நான் அங்கேயே நின்றேன்.

அதன் பிறகு தண்ணீர் வடிந்ததும் கண்மாயின் அந்தப் பக்கக் கரையில் படகு கிடைத்தது. கவிழவில்லை, உடையவில்லை. ஒரு பனைமரத்தில் கயிறு கட்டியிருந்தது. கம்பு உள்ளே நீளவாக்கில் வைத்திருந்தது. என் கணவர் இல்லை.

கரையேற்றப்பட்டு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கப்பட்டிருந்தவர்களிடம் அதிகாரிகள் விசாரித்தபோது, படகின் முன்பக்கம் ஒரு வாலிபன் நின்று கை கொடுத்துத் தங்களைத் தூக்கியதாக ஒவ்வொருவரும் தனித்தனியே சொல்லியிருக்கிறார்கள். அதனால் காணாமல் போனவர்கள் இரண்டு பேர் என்று எழுதி, அந்த வாலிபன் யார், எந்த ஊர் என்று விசாரணை நடக்கிறது. என்னிடம் ஆய்வாளர் கேட்டபோது, எனக்குத் தெரியாது என்று முதலில் சொன்னேன். அன்று நான் கரையில்தான் நின்றேன். படகில் ஏறிய எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த ஒருவனை நான் பார்க்கவில்லை. பெற்றவள் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நான் தனியாக அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெத்தம்மாளைப் பார்த்தேன். கண்ணுச்சாமி பள்ளியில் எடுத்த போட்டோ ஒன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்து, என் கணவரை நினைத்து அழுதார். அந்தத் தம்பி உன் சொந்தக்காரப் பிள்ளையா என்று கேட்டார். மழையில் அவன் நடுங்கிக்கொண்டு இருந்தானா என்று மட்டும் கேட்டேன். பெத்தம்மாள் சொன்னார்:

"நாங்க அம்புட்டுப் பேரும் நனஞ்சு வெறச்சுக் கெடந்தோம்த்தா. அந்தத் தம்பி மேல ஒரு சொட்டு ஈரமில்ல. தலமுடிகூடக் காஞ்சு கெடந்துச்சு. எனக்குக் கை குடுத்தாம்லா, சூடா இருந்துச்சு."

அதன் பிறகு நான் போட்டோவை அவிழ்க்கவில்லை. செத்த நேரம் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

என் கணவர் சுயம்புலிங்கத்தைத் தொடர்ந்து தேடித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். படகில் இருந்த இரண்டாவது ஆளைத் தேட வேண்டாம்.

நான் வாய்மொழியாகச் சொன்னதை ஏட்டு எழுதி, எனக்கு நிறுத்தி வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அனைத்தும் நான் அறிந்த உண்மை.

(ஒப்பம்) சு. செல்லத்தாய்