சேதம் என்ற கட்டம்

பிளேன்டித் தேநீருக்கு நன்றி, ஐயா. சீனி கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. முதலிலிருந்தே சொல்கிறேன். அவசரப்பட்டால் ஏதாவது விட்டுப்போகும். எனக்கு அது ஆகாது.

என் பெயர் அழகன். கொட்டகலை ரயில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். தோட்டம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களின் மலைச் சைக்கிள்களும் என்னிடம்தான் வரும். அவற்றில் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் போல்ட்களைக் கண்டபாட்டுக்கு முறுக்கக் கூடாது. அதற்காகவே ஒரு டோர்க் ஸ்பெனரைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். வேண்டிய எண்ணில் வைத்து முறுக்கினால், இறுக்கம் சரியானதும் 'டக்' என்று சொல்லும். அத்தோடு நிறுத்திவிடலாம். இரண்டு வருட வாரண்டி.

வாங்கிய ஏழாம் மாதமே பழுதாகிவிட்டது. போல்ட் பாதி இறுகுமுன்பே 'டக்' என்றது. கண்டுபிடித்த அன்றே அதை ஒதுக்கிவிட்டு, எல்லாச் சைக்கிளையும் சாதாரண அலன் சாவியால் இறுக்கத் தொடங்கினேன். பழகிய கை, தப்பாது. ஒரு ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கம்பனிக்குப் படிவம் அனுப்பினேன். அதில் 'இதனால் ஏற்பட்ட சேதம்' என்று ஒரு கட்டம். 'இல்லை' என்று எழுதினேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. கம்பனிக்குப் போன் எடுத்தபோது தனுஜா என்ற பிள்ளை பேசினாள். பூண்டுலோயாப் பிள்ளையாம்; மரியாதையாகத்தான் பேசினாள்.

"சேதம் இல்லேன்னா பழுதும் இல்லேன்னு கம்பியூட்டர் எடுத்துக்குது அண்ணே. நீங்க ஸ்பெனர தப்பா பாவிச்சதா வந்திருக்கு."

"அப்ப அந்தக் கட்டத்த வெறுமையா விடட்டுமா?"

"வெறுமையா விட்டா ஏத்துக்கவே ஏத்துக்காது அண்ணே."

இது எனக்குப் புரிந்தது. என் தாத்தாவின் பிரஜாவுரிமை விண்ணப்பம் ஒரு கட்டம் வெறுமையாக இருந்ததால்தான் தள்ளப்பட்டது. அதன் பிறகு பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது, நாங்கள் தங்கிவிட்டோம். கட்டத்தை வெறுமையாக விடாதே, பொய்யும் எழுதாதே. அப்பா எனக்குச் சொன்ன புத்தி இவ்வளவுதான். தப்பாகப் பாவித்தேன் என்று எவனோ சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருடத் தொழில், ஐயா.

மரியரட்ணம் உபதேசியாரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தின் கீழ் டிவிசனுக்குச் சைக்கிளில் போய் செபம் நடத்துவார். லயத்தில் குடியிருக்கும் தோட்டத்து ஆட்களின் அடையாள அட்டைப் படிவம், சேமலாப நிதிப் படிவம் எல்லாம் அவர்தான் நிரப்பிக் கொடுப்பார். என்னுடைய அடையாள அட்டைக்கும் அவர் கையெழுத்துத்தான். அதனால் கம்பனிப் படிவத்தையும் அவரிடமே காட்டினேன்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, "ஏம்பா அழகு, 'ஹேண்டில் ஆடுச்சு'ன்னு சும்மா எழுதி அனுப்பேன். யாரு வந்து பாக்கப் போறா?" என்றார்.

"பொய் எழுதக் கூடாதுன்னு நீங்கதானேங்கய்யா சொல்லுவீங்க."

"அட போப்பா, நீ ஒரு ஆளு," என்று சிரித்தார். அவர் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். முதுகு வலிக்கிறது, கொஞ்சம் உயரமான ஹேண்டில் போட்டுத் தா என்று சைக்கிளை விட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் புது ஹேண்டிலைப் பூட்டினேன். ஒதுக்கி வைத்திருந்த டோர்க் ஸ்பெனரை எடுத்துத் துடைத்தேன். நான்கு போல்ட், நான்கு 'டக்'. அலன் சாவி கண்ணெதிரே ஆணியில் தொங்கியது. அதை எடுத்து இறுக்க ஒரு நிமிடம் போதும். எடுக்கவில்லை.

சமதரையில் அது தெரியாது, ஐயா. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்து, உடம்பின் பாரம் முன்னால் விழும்போதுதான் ஹேண்டில் சுழலும். கீழ் டிவிசன் பாதையில் அப்படி ஒரு இடம்தான், பீலி வளைவு. ஞாயிறு காலை போனுக்கு முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு அங்கே போய் நின்றேன்.

அவர் ஏதோ கீதம் பாடிக்கொண்டுதான் வந்தார். வளைவில் பாட்டு நின்றது. பாதையோரக் கல்லுக் கான் பள்ளத்துக்குள் தலைகீழாக விழுந்தார். படிவத்தில் சேதத்துக்கு நான்கு பக்கத்திலிருந்தும் படம் கேட்டிருந்தார்கள், அதனால் முதலில் ஹேண்டிலைப் படம் எடுத்தேன். பனிமூட்டத்தில் மூன்றாவது மங்கிவிட்டது; திரும்ப எடுத்தேன். அதன் பிறகு அவரிடம் போனேன்.

"அழகு... ஹேண்டில் ஆடுச்சுப்பா," என்றார்.

"தெரியுங்கய்யா," என்றேன்.

அம்புலன்சுக்கும் நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. அவர் மகள் ஷெரோமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே அண்ணே," என்று அழுதாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. இனி லயத்து ஆட்களுக்கு யார் படிவம் நிரப்புவார்கள் என்று நினைத்தேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, அந்தக் கட்டத்தில் 'ஹேண்டில் ஆடியது, ஒருவர் மரணம்' என்று எழுதினேன். கீழே இன்னொரு கட்டம், 'பழுது தெரிந்த பின்னும் பாவித்தீர்களா?' அதில் 'ஆம்' என்று எழுதி அனுப்பினேன்.

தனுஜாவே எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணே, இந்த 'ஆம்' கைதவறிப் போட்டதுதானே? நான் மாத்திடவா?"

"வேணாம்மா, அது உண்மைதான்."

அவள் போனை வைத்துவிட்டாள். நான்கு நாளில் பொலிசிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

நான் எதையும் மறைக்கவில்லை. ஹேண்டில் ஆடும் என்று தெரிந்தேதான் சைக்கிளைக் கொடுத்தேன். விழுவார் என்று தெரிந்தேதான் போய் நின்றேன். ஆனால் பொய் எழுதவில்லை, ஐயா. புது ஸ்பெனர் இன்னும் வரவில்லை. தெரிந்தே பாவித்தால் வாரண்டி செல்லாதாம். அதற்கும் மேன்முறையீடு எழுதிவிட்டேன்.

நீங்கள் எழுதும் தாளில் 'மரணத்துக்குக் காரணம்' என்ற கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறதே. 'பழுதான ஸ்பெனர்' என்று போட்டுவிடுங்கள். கம்பனிக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும்.