டயர்ப் புகையைப் படமெடுத்த மாமனார்

2019 மார்ச் 16, சனிக்கிழமை. காலை முதலே வெயில் சுள்ளென்று அடித்தது. பதினொரு மணிக்கு மேற்கிலிருந்து காற்றும் சேர்ந்துகொண்டது. முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் பாஸ்போர்ட் படம் எடுத்தே பழகிய ஸ்டுடியோக்காரர், கார்ப் பந்தயத் திடலின் வேலியோரம் ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்திவிட்டு, பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டருடன் நின்ற ஊழியரிடம் குமுறிக்கொண்டிருந்தார்.

"...வேணும்னே பண்றார் சார்! வேற என்ன? சொந்த மாப்பிள்ளை! டயர் கடை வச்சிருக்கார்ல, புது போர்டு மாட்டணுமாம். அதுல அவரோட காரு, இந்தப் புகைப் போட்டியில நின்ன இடத்துலயே சக்கரத்தைச் சுழல விட்டுப் புகையைக் கக்குற படம் வேணுமாம். எம் பொண்ணு சும்மா இருக்காம, 'எங்கப்பா எடுப்பாரு'ன்னுட்டா.

மொத தடவை கேமரா ஷட்டரை ரெண்டாயிரத்துல ஒரு பங்கு நொடிக்கு வச்சேன். படம் கண்ணாடி மாதிரி! சுத்துற சக்கரம் நின்ன மாதிரி விழுந்துச்சு, டயர்ல இருக்குற எழுத்தைப் படிக்கலாம்! மாப்பிள்ளை என்ன கேட்டார் தெரியுமா? 'காரை நிறுத்திட்டுப் பக்கத்துல குப்பையைக் கொளுத்துனீங்களா மாமா?' பொண்ணு சிரிக்குறா சார்! பெத்த பொண்ணு!

சரின்னு அடுத்த தடவை பதினஞ்சுல ஒரு பங்கு. கையில புடிச்சு எடுத்தேனா... காரு, வேலி, ஆளு எல்லாம் கரைச்சு ஊத்துன மாதிரி. அதுக்கப்புறம்தான் இந்த ஸ்டாண்டு. இப்ப பாருங்க, அறுபதுல ஒரு பங்கு. காரு நிக்குதுல்ல, அது கூர்மையா விழும். சக்கரம் மட்டும் சுத்துற மாதிரி கலங்கித் தெரியும். ஃபோகஸை ஆட்டோல விட்டா புகையைத் துரத்திக்கிட்டு ஓடுது. அதனால கையாலயே கதவுக் கைப்பிடில நிறுத்திட்டேன். வெள்ளைப் புகையைப் பாத்தா கேமரா பயந்து இருட்டாக்கிடும். வெளிச்சம் ஒரு படி கூட்டிட்டேன். நான் சரி, கேமரா சரி. அவரு?

போன வாட்டி... புகை திரண்டு வருது, அமுக்கப் போறேன், படக்குன்னு எஞ்சினை அணைச்சிட்டார்! கேட்டா, 'நீங்கதானே மாமா நிறுத்தச் சொன்னீங்க'ங்கிறார். நான் எப்ப சொன்னேன்? நாக்கு கூச வேணாம்?

இன்னிக்கு நாலாவது ஜோடி டயர், இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா ட்ரோன் வச்சிருக்குற ஒருத்தனைக் கூப்பிடப் போறாங்களாம். மாமனார் போட்டோக்காரன், போர்டுக்கு வெளியாளு! எம் மூஞ்சியை எங்க கொண்டு வைக்கிறது?

...ஆங், வந்துட்டார்! கிளம்புது... வரட்டும்... இன்னும் வரட்டும்... அசையாதீங்க! ஒன்னு... ரெண்டு..."

வலக்கை கேமராவின் மேல் இருந்தது. இடக்கையோ, உள்ளங்கை விரிய, தலைக்கு மேலே உயர்ந்து நின்றது. புகைக்குள்ளே எஞ்சின் அடங்கியது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! கண்ணால பாத்தீங்கல்ல? ...என்ன சார், எதுக்குக் கையைப் புடிச்சுக் கீழ இறக்குறீங்க? அந்தப் பலகையா? என்ன எழுதிருக்கு... 'வேலியோரம் எவர் கையை உயர்த்தினாலும் ஓட்டுநர் உடனே வண்டியை...'

...ஐயையோ. நான் தூக்குனேனா? கையையா? ...மொத ரெண்டு தடவையும் ரெண்டு கையும் கேமராவுலயே இருந்துச்சு. ஸ்டாண்டு வாங்குனதும் இந்த இடது கை சும்மா... முப்பத்தெட்டு வருஷம் சார்! கையைத் தூக்குனாத்தான் ஜனங்க கண்ணு கொட்டாம உக்காருவாங்க. பாவம், அந்த மனுசனைப் போயி... அவரு என்னை ஒரு வார்த்தை திட்டல சார்! டயர்ல இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமா? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்... சார்? சார்!"

ஊழியர் அதற்குள் போட்டி நடுவரை நோக்கிப் பாதித் தொலைவு நடந்துவிட்டார்.

தவறு ஓட்டுநருடையதன்று என்று கண்ட நடுவர், மறுமுறை ஓட்ட இசைவளித்தார். திரும்பி வந்த ஊழியர், சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டுடியோக்காரரின் இடக்கையைத் தம் இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டார். டயர் பதினோரு நொடி புகைந்து, பின் வெடித்தது. அதற்குள் ஆறு படங்கள் விழுந்தன. அவற்றுள் நான்காவது படம் மறுமாதம் கடைப் போர்டில் ஏறியது. அடுத்த பந்தயத்துக்கும் மாமாவே படமெடுக்க வேண்டுமென்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். ஆனால், அப்பாவின் இடப்பக்கத்தில் மகளும் வந்து நிற்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.