எங்கேயும் போகாதவர்களின் பாலம்

இக்கரையையும் அக்கரையையும் ஒரே பந்தலின் கீழ் உட்காரவைத்து, இதமாக இந்தக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! கோடு போடத் தெரிந்தவரே, போட்ட கோட்டைத் திருத்திப் போடவும் மனம் கொண்டவரே, சாலைத் திட்ட அலுவலகத்தின் அதிகாரி அவர்களே! வயதால் மூத்தோரே, வாழ்த்த வந்தோரே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு அரை மனதாக அமர்ந்திருக்கும் அன்னையரே! அவர்கள் மடியில் அமர்ந்து இந்த மைக்கையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மழலைகளே! அனைவரையும் படைத்தவனை முதலில் வணங்கி, அப்புறம் உங்களை வணங்குகிறேன்.

மேடை எனக்குப் புதிது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மிச்சத் தமிழை மளிகைப் பொட்டலத் தாள்களைப் பிரித்துப் பிரித்துப் படித்தேன். ஆனால் கணக்கு எழுதுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. முன்வரிசையில் எங்கள் வீட்டுக்காரர் தலையாட்டுகிறார், பார்த்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி எந்தத் தேதியில் பிரித்தது, எந்தத் தேதியில் தீர்ந்தது என்பது வரைக்கும் என் நோட்டில் இருக்கும். அப்படிப்பட்ட நான் ஒரு நாள் தப்புக் கணக்குச் சொன்னேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் மேடை ஏறினேன்.

சென்ற ஆண்டு ஒரு முற்பகல். மார்போடு ஓர் அட்டையை அணைத்துக்கொண்டு ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். எங்கள் தெருவில் அவளுக்கு வைத்த பெயர் 'அட்டைப் பொண்ணு'. எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு எத்தனை பேர் போகிறார்கள், என்னென்ன பொருள் போகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவார்களாம். எழுதியதை வரைபடத்தில் கோடு கோடாக வரைவார்களாம். நிறையப் பேர் போனால் தடித்த கோடு, கொஞ்சம் பேர் போனால் மெல்லிய கோடு. எங்கே பேருந்து, எங்கே பாலம் என்பதை அந்தக் கோடுகளே முடிவு செய்யுமாம்.

"நேத்து நீங்க எங்கெங்க போனீங்கக்கா?"

"நான் எங்கம்மா போறேன்? வீட்டுலதான் இருந்தேன்."

"எங்கேயுமே போகலையா?"

"சாமி சத்தியமா எங்கேயும் போகலை."

அவள் பூஜ்யம் என்று எழுதினாள். எழுதச் சொன்னது யார்? நான். சாட்சிக்கு யாரைக் கூப்பிட்டேன்? ஆண்டவனை!

அதற்கு முந்தின நாள் நான் இந்தக் கால்வாய்ப் பாலத்தை ஆறு முறை கடந்திருந்தேன், ஐயா. அக்கரையில் என் தம்பி வீடு. அங்கே என் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள். தம்பியும் அவன் மனைவியும் விடிந்தால் ஆலைக்குப் போய்விடுவார்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் நான் போய், அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, இரண்டு வாய் ஊட்டிவிட்டு வருவேன்.

அப்படியானால் ஏன் போகவில்லை என்றேன்? பொய் சொன்னேனா? இல்லை, தாய்மாரே! நமக்குப் 'போவது' என்றால் என்ன? நல்ல புடவை, கையில் பை, பேருந்தில் ஓர் இடம். பெற்றவளைப் புரட்டிப் போடுவது போவதில் சேருமா? அதுவும் போக, படி இறங்கும்போது யாராவது 'போகிறேன்' என்று சொல்கிறோமா? வாய் தவறிச் சொன்னால்கூட, 'வர்றேன்னு சொல்லு' என்று திருத்திவிடுவார்கள். வருகிறேன், வருகிறேன் என்றே சொல்லி வாழ்ந்தவர்களின் கணக்கில், போனது எப்படி ஐயா ஏறும்?

நான் ஒருத்தி மட்டுமா? எங்கள் தெருவில் முப்பத்து நான்கு வீடு. முப்பத்து நான்கிலும் இதே பதில். அடுத்த இரண்டாம் மாதம் பாலத்தின் இரு முனையிலும் தகரம் அடித்து, ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். 'பயன்பாட்டில் இல்லாத பாலம். விரைவில் இடித்து அகற்றப்படும்.' பயன்பாட்டில் இல்லாத பாலமாம்! அதைப் படிக்க மட்டுமே நாற்பது பேர் முட்டி மோதிக்கொண்டு நின்றோம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய சாலையைச் சுற்றிப் போய்வர ஒன்றரை மணி நேரம். மூன்று வேளை ஒரு வேளையாயிற்று. பத்தாம் நாள் அம்மாவைப் புரட்டுகிறேன், இடுப்பெலும்பின் மேல் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு. நடுவில் தோல் உரிந்திருந்தது. அவள் வலி என்று சொல்லவில்லை. "ஏன்டி, இப்பல்லாம் நீ சரியாவே வர்றதில்ல? எம்மேல கோபமா?" என்று கேட்டாள்.

அந்தப் புண் யார் போட்டது? என் வாயால் நான் போட்ட பூஜ்யம், அம்மாவின் உடம்பில் வந்து உட்கார்ந்திருந்தது. அன்று விளக்கின் முன்னால் நின்று, "ஆண்டவனே, உன்மேல் ஆணையிட்டுத் தப்புக் கணக்குச் சொல்லிவிட்டேன். திருத்துவதற்கு ஒரு வழி காட்டு" என்று அழுதேன்.

மறுநாள் பதினைந்து பெண்கள் அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் மேசை நிறைய வரைபடத்தை விரித்தார். எத்தனை கோடுகள்! சந்தைக்குப் போகிற கோடு, ஆலைக்குப் போகிற கோடு, மூட்டைகள் போகிற கோடு, மாணவர்கள் போகிற கோடு. ஊரின் நரம்பெல்லாம் தெரிந்தது. எங்கள் தெரு மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"உங்க தெருவுல இருந்து அக்கரைக்கு ஒரு கோடுகூட இல்லையேம்மா. யாருமே எங்கேயும் போறதில்லன்னு நீங்களேதானே சொல்லியிருக்கீங்க?"

என் ஓரகத்திக்கு வாய் சும்மா இருக்காது. "நாங்க ஆயிரம் சொல்லுவோம். அதுக்குன்னு அப்படியே எழுதிடுவீங்களா?" என்றாள்.

"கணக்கெடுப்பு முடிஞ்சுபோச்சும்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் அதிகாரி அவர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, அன்று நீங்கள் அப்படித்தான் சொன்னீர்கள்.

அப்போது மூலையில் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம். அட்டைப் பொண்ணு எழுந்து நின்றாள்.

"சார், இவங்க தெருவுக்கு நான் மூணு நாள் போனேன். மொத ரெண்டு நாளும் பாதி வீடு பூட்டியிருந்துச்சு. எங்கேயும் போகாதவங்க வீடு எப்படி சார் பூட்டியிருக்கும்? அன்னைக்கே எனக்கு உறைச்சிருக்கணும். நான் கேட்ட கேள்விதான் தப்பு. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க, மாத்திக் கேக்கறேன்."

"தப்பு உன்னோடதுன்னு எழுத்துல குடுப்பியா?"

"குடுக்கறேன் சார்."

கவனியுங்கள், பெரியோர்களே! அவள் நிரந்தர வேலைக்காரி இல்லை. இன்று வா என்றால் வரவேண்டும், நாளை வராதே என்றால் நிற்கவேண்டும். அப்படிப்பட்டவள், எங்கள் பிழையைத் தன் பிழை என்று எழுதி, எங்கள் கண் முன்னால் கையெழுத்துப் போட்டாள். அந்தக் காகிதத்தை அதிகாரி அவர்கள் பிறகு தம் கையாலேயே கிழித்துப் போட்டாராம். எழுத்தர் சொன்னார். அதற்கும் நன்றி ஐயா.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை. "பாலத்த அடைக்கறதுக்கு மொத நாள் வாசல் தாண்டறப்ப கையில என்ன இருந்துச்சு? திரும்பி வர்றப்ப கையில என்ன இருந்துச்சு?" அவ்வளவுதான்!

அடடா! மடை திறந்ததுபோல் கொட்டினோம்! தையல்கார அக்கா சொன்னாள்: போகும்போது தைத்த காலர் நாற்பது, வரும்போது வெட்டிய துணி ஒரு மூட்டை. கடைசி வீட்டுக்காரி சொன்னாள்: போகும்போது அழுகிற பிள்ளை, வரும்போது தூங்குகிற பிள்ளை, கூடவே மருந்துச் சீட்டு. என் ஓரகத்தி கையை விரித்தாள்.

"போறப்பவும் வெறுங்கை, வர்றப்பவும் வெறுங்கை."

"அப்ப எதுக்குக்கா போனீங்க?"

"எங்க சம்பந்தியம்மாகூட சண்டை போட."

"அப்ப வெறுங்கை இல்லக்கா. சரக்கோடதான் போயிருக்கீங்க!"

சம்பந்தியம்மாள் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவரே சிரிக்கிறார், நமக்கென்ன!

என் முறை வந்தது. "போறப்ப தூக்குல கஞ்சி, துவைச்ச துணி. வர்றப்ப அம்மாவோட அழுக்குத் துணி" என்றேன். அவள் பேனா நின்றது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைக்கா?"

"மூணு."

"எத்தனை வருஷமா?"

"நாலு."

என் நோட்டை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பெருக்கலைப் போட்டேன். எட்டாயிரத்து எழுநூற்று அறுபது முறை இந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன்! தீப்பெட்டிக்குக் கணக்கு வைத்தவள் தன் காலுக்குக் கணக்கு வைக்கவில்லை.

புது வரைபடம் வந்தது. எங்கள் தெருவிலிருந்து அக்கரைக்கு, என் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கோடு! இடிக்க வந்த கை, பலகை மாற்றியது. பூட்ட வந்த கை, பிடிக்கக் கம்பி வைத்தது. அம்மாவின் புண்ணும் ஐந்து வாரத்தில் ஆறியது. இன்று பாலம் திறந்துவிட்டது.

யாருக்கு நன்றி சொல்வேன்? மறுபடி எண்ணச் சம்மதித்த அலுவலகத்துக்கு நன்றி. பலகை சுமந்த தோள்களுக்கு நன்றி, ஆணி அடித்த கைகளுக்கு நன்றி. நான் சொல்லாமல் விட்ட அடிகளையும் ஒன்று விடாமல் எண்ணி வைத்திருந்த ஆண்டவனுக்கு நன்றி. அவன் அனுப்பிய ஆளுக்கு நன்றி. அதோ, பின்னால் தூணோரம் நிற்கிறாள். இன்று அட்டையில்லாமல் வந்திருக்கிறாள். இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியவில்லை அவளுக்கு. மகளே, அந்தக் கைகளை எங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பலத்த கைதட்டல் அவளுக்கு!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நானும் பார்த்துவிட்டேன். மணி ஐந்து. அம்மாவைப் புரட்டவேண்டிய நேரம். வரைபடத்தின் பிரதி ஒன்றை எனக்குச் சுருட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எழுந்து வந்து இந்தப் பாலத்தைப் பார்க்க என் அம்மாவால் முடியாது. அதனால் பாலத்தை அவளிடம் கொண்டுபோகிறேன். அவள் கண்ணெதிரே விரித்து, அவள் விரலைப் பிடித்து அந்தத் தடித்த கோட்டின் மேல் வைத்து, "கோபம் இல்லம்மா. இந்தா பாரு, இது நான்தான்" என்று சொல்லப்போகிறேன்.

எழுதிக்கொள், மகளே. கையில் வரைபடம், தூக்கில் கஞ்சி. இந்த ஒரு முறை, கணக்கில் ஏறவேண்டும் என்பதற்காக, எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்கிறேன்: நான் போகிறேன்!

அனைவருக்கும் நன்றி, வணக்கம். போய், வருகிறேன்.